பொட்டு வைத்த பாட்டில்கள்

அன்று காலை கீழப்பாவூர் வாழைத்தோட்டத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: தோட்டத்துக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி, எங்கள் லேபின் வண்டியை ஓட்டும் இசக்கி, நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. மேனேஜர் சார் மச்சினன் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். முதலாளி கண் ஆபரேஷன் முடிந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய போனை அவர் வீட்டம்மா வாங்கி வைத்துக்கொண்டார்கள். யார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கு வந்த பயத்தில் பாதி வாழையைப் பார்த்து வந்தது. மீதிப் பாதி, திரும்பிக் கேட்க ஒரு ஆள் இல்லையே என்பதால் வந்தது.

வெட்டு அறைக்கும் நிழல்வலைக்கும் இந்த வருடம் புதிதாக வந்திருக்கிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை இவன் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். உங்களுக்கு ஆறேழு வருடம் முன்னால் வந்தவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். என் வேலையை அவருக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மண்ணு இல்லாம, வெயில் இல்லாம, பாட்டிலுக்குள்ள வாழையா? இதுக்குச் சம்பளம் வேற குடுக்கானா?" என்றார்.

நம் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். நல்ல ஏத்தன் வாழை, அதாவது நேந்திரன், ஒன்றின் கிழங்குக் குருத்தில் இருந்து நகத்தளவு துண்டை எடுத்துப் பாட்டிலில் வளர்க்கிறோம். அது நாலைந்து முளை விட்டதும் வெட்டிப் பிரித்து நாலைந்து பாட்டிலில் வைக்கிறோம். அவையும் பெருகியதும் மறுபடி வெட்டு. இப்படி ஒருமுறை வெட்டி வைப்பது ஒரு சுற்று. ஒரு தாயிலிருந்து எட்டுச் சுற்றுதான் எடுக்கலாம். அதன் பிறகு அந்தத் தாயின் பாட்டில்களை எல்லாம் வேகவைத்துக் கொட்டிவிட்டு, தோட்டத்தில் இருந்து புதுத் தாய் எடுக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் வந்தபோதும் ஒட்டியிருந்தது.

நான் வெட்டு அறை ஆள் இல்லை. பாட்டிலை விட்டு வெளியே வரும் கன்றுகளைப் பழைய குற்றாலம் ரோட்டில் இருக்கும் நிழல்வலைக் கூடாரத்தில் பையில் நட்டு, தேற்றி, விவசாயிகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் ஒரு கன்றுகூட கேட்டைத் தாண்டாது. அந்த அதிகாரம் பெருமையாகத்தான் இருந்தது, அந்த ஐப்பசி வரைக்கும்.

சுடலைமுத்து அண்ணாச்சி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஊர் திரும்பியவர். கயிறு பிடித்து வாழை நட்டிருந்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நேர்கோடு. ஆனி மாதம் எங்களிடம் வாங்கிய கன்றுகள் ஆள் உயரத்துக்கு வந்திருந்தன.

"வாலே விஞ்ஞானி," என்றார். "என் கம்பெனியில கொஞ்சம் பேரு யூனிபார்ம் மாத்திப் போட்டுட்டு நிக்கான். யாருன்னு நீயே போய்க் கண்டுபிடி."

தேடவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரிசையில் ஒன்று நின்றது. இலை அகலமாக விரியாமல் ஒல்லியாக, தடித்து, பிடித்தால் ரப்பர் போல இருந்தது. ஓரம் நெளிந்திருந்தது. பச்சைக்குள் வெளிறிய கோடுகள் ஓடின. தள்ளி இன்னொன்று வேறு மாதிரி. மட்டை நீளவே இல்லை. இலைகள் கழுத்தில் ஒன்றன்மேல் ஒன்று அடைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில் மூச்சுத் திணறுவது போல நின்றது. அடுத்த வரிசையில் ஒன்று. அதற்கு அடுத்ததில் இரண்டு.

முதலில் நினைத்தது முடிக்கொத்து நோயைத்தான். அது வந்தால் ஒரு தோட்டத்தோடு நிற்காது. அசுவினிப் பூச்சி தூக்கிக்கொண்டு போய் ஊரையே காலி பண்ணிவிடும். மண்டியிட்டு மட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த நோய் இருந்தால் மட்டையில் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் தெரியும். தெரியவில்லை. நோய் பக்கத்துக்குப் பக்கம் பரவி ஒரு திட்டாக இருக்கும். இவை சம்பந்தமே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. பக்கத்தில் நின்ற வாழைகள் பளபளவென்று இருந்தன.

"நோய் இல்லை அண்ணாச்சி," என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் புரிந்துவிட்டது. நோய் என்றால் பழியைப் பூச்சி மேல் போடலாம். இது பூச்சி கொண்டுவந்தது இல்லை. நாங்கள் கொண்டுவந்து கொடுத்தது.

"நோயும் இல்ல, பூச்சியும் இல்ல. பொறவு என்ன எழவுலே இது?"

"செவ்வாழைத் தோட்டத்துல எப்பவாச்சும் பச்சைத் தார் தள்ளிப் பாத்திருக்கியளா?"

"எங்க மாமா தோட்டத்துல பாத்திருக்கேன். மண்ணு கோளாறுன்னாவ."

"மண்ணு இல்ல அண்ணாச்சி. வாழைக்குள்ளயே மாறுதது. விதை போடுத செடின்னா அப்பன் குணமும் ஆத்தா குணமும் கலைச்சுப் போட்டு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரி வரும். நானும் எங்க அண்ணனும் ஒரே மாதிரியா இருக்கோம்? வாழைக்கு விதை கிடையாது. தாயை அப்படியே உரிச்சு வச்ச மாதிரிதான் கன்னு வரும். ஆனாலும் கோடில ஒண்ணு தப்பும்."

"கோடில ஒண்ணு. சரி." அவர் தோட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "என் தோட்டத்துல கோடி வாழையா நிக்கு?"

இசக்கி சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. அது சரியான கேள்வி. கோடியில் ஒன்று தப்புவது இயற்கை. பத்தில் ஒன்று தப்பினால் எங்கேயோ யாரோ அளவு மீறிப் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தள்ளிப் போய் மேனேஜர் சாருக்குப் போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்க, பார்த்ததைச் சொன்னேன்.

"எத்தனை இருக்கும்?"

"பத்துக்கு ஒண்ணுக்கு மேல சார்."

அவர் மேளச் சத்தத்தை விட்டுத் தள்ளி நடந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "ஜிங்க் சத்து பத்தலைன்னு சொல்லி ஒரு ஸ்பிரே எழுதிக் கொடுத்துட்டு வா. தார் தள்ளுற வரைக்கும் டைம் கிடைக்கும். நான் வந்து பாத்துக்கறேன். ராயகிரிக்கு நம்ம கன்னு லோடு இன்னைக்குப் போகணும், மறந்துடாத," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. குரலில் இருந்தது எனக்கு இருந்த அதே பயம்தான். பயந்த மனிதன் முதலில் கேட்பது நேரம். விவசாயியின் நேரத்தை எடுத்து நமக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றும். உங்களுக்கும் ஒருநாள் தோன்றும்.

ஸ்பிரே எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. அண்ணாச்சியிடம் வந்து, "இது எங்க தப்பு. மருந்துக்குத் தீராது. மாறுனதை எல்லாம் வெட்டிப் போட்டுருங்க. அதோட பக்கக் கன்னை எடுத்து யாருக்கும் குடுத்துராதிய," என்றேன்.

"இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவியா?"

"தருவேன்."

"உன்னை வேலைய விட்டுத் தூக்கிருவாம்லே, கூறுகெட்டவனே," என்றார். ஆனால் பேனா எடுக்க வீட்டுக்குள் போனார்.

அவர் உள்ளே போயிருந்த நேரத்தில்தான் ராயகிரி லோடு என்ற சொல் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. அதுவரை என் பயம் எல்லாம் கண் முன்னால் நின்ற வாழைகளைப் பற்றியது. நிழல்வலையில் நிற்பவை எந்தத் தாயில் இருந்து வந்தவை? வெட்டு அறையின் மூத்த ஆள் பேச்சியம்மாள் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கீழப்பாவூர் பட்டாளத்துக்காரருக்குக் குடுத்த கன்னு எந்தத் தாய்?"

"அதா? பொட்டு வச்ச பாட்டிலு."

"எட்டுச் சுத்துக்கு உள்ள எடுத்ததா, வெளிய எடுத்ததா?"

"எட்டாவது போன வருசம் ஆயுத பூசையோட முடிஞ்சிட்டே தம்பி. இது ஒம்பதோ பத்தோ."

"இப்ப ராயகிரிக்கு நிக்கது?"

"அதுவும் அதேதான். இதோட பேரன் பேத்தின்னு வச்சிக்கயேன். பதினஞ்சு, பதினாறு இருக்கும். ஏன், கன்னு கொழுகொழுன்னுதான இருக்கு?"

அந்தப் பொட்டுச் சங்கதியை உங்களுக்கு விளக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம் சாரல் விடாமல் பெய்தது. அடிக்கடி கரண்ட் போனது. பாட்டில்களில் பூசணம் ஏறி, தாய்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒரே ஒரு தாயின் பாட்டில்கள் மட்டும் சுத்தமாக, நெருக்கமாக முளைவிட்டு நின்றன. ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வேகவைக்கும் குக்கருக்கும் கத்திக்கும் மேஜைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது, பிழைத்துக்கொண்ட அந்தப் பாட்டில்களையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. நன்றியில் செய்தது. அந்த மாதத்தோடு அதற்கு எட்டாவது சுற்று முடிந்தது. கொட்ட வேண்டும். "சாமிக்கு வச்சதை வேகவச்சுச் சாக்கடையில ஊத்துவியளா?" என்று ஒரு அக்கா கேட்டதும், மேனேஜர் சார் உட்பட எல்லாரும் பாட்டில்களை ரேக்கிலேயே விட்டுவிட்டார்கள். ஆர்டர் வேறு குவிந்து கிடந்தது. ஒன்பதாவது சுற்று ஓடியது. பிறகு பத்து. பிறகு யாரும் கேட்கவில்லை. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அதைப் பயப்பட வேண்டிய விஷயமாக நினைக்கவில்லை.

இனிமேல் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். ஒரு செல் இரண்டாகும்போது தன்னிடம் உள்ள பாடம் முழுவதையும் பார்த்து எழுதி மற்றதுக்குக் கொடுக்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை அன்று முன்பெஞ்சுக்காரனைப் பார்த்து நான் எழுதுவேன், என்னைப் பார்த்துப் பின்னால் இருப்பவன், அவனைப் பார்த்து அடுத்தவன். நடுவில் ஒருவன் ஒரு வரியை விட்டுவிட்டால், அவனுக்குப் பின்னால் உள்ள அத்தனை பேர் தாளிலும் அந்த வரி இருக்காது. பின்னால் இருக்கிறவன் ஒழுங்காகப் பார்த்து எழுதியதால்தான் தப்பு அப்படியே வந்து சேர்கிறது. தோட்டத்தில் வாழை இதை மெதுவாகச் செய்கிறது, பெரும்பாலான தப்புகளைத் திருத்தியும் விடுகிறது. பாட்டிலில் முளை பெருக நாம் ஊற்றும் மருந்து அதை அவசரப்படுத்துகிறது. அவசரத்தில் எழுத்து விடுபடும். சில சமயம் ஒரு பக்கமே விடுபடும், அல்லது இரண்டு முறை வந்துவிடும். எங்கோ சும்மா கிடந்த ஒரு துண்டு கிளம்பிப் போய் வேறொரு வரியின் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். உலகத்தில் உயிர்கள் விதவிதமாக இருப்பதற்கே இந்த மாதிரித் தப்புகள்தான் மூலம். நல்லதா கெட்டதா என்று அவை பார்த்து வருவதில்லை. காட்டில் எத்தனையோ தலைமுறையில் நடப்பதை நாம் ஒரு ரேக்கில் ஒரு வருடத்தில் நடத்திக் காட்டிவிட்டோம்.

அதைவிடப் பயங்கரமானது ஒன்று உண்டு. மாறியவற்றில் சில, மாறாதவற்றைவிட வேகமாக முளைவிடும். வெட்டு அறையில் இருந்த அக்காமார் ஒவ்வொரு சுற்றிலும் கொழுத்த கொத்தாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள். சோனியாக இருந்ததை ஒதுக்கினார்கள். அக்கறை உள்ள எவரும் அப்படித்தான் செய்வார்கள். சோனியாக இருந்ததுதான் நம் ஏத்தன். கொழுத்தது வேறு ஏதோ. ஒரு வருடமாக நாங்கள் அந்த வேறு ஏதோவுக்கு இடம் ஒதுக்கி, உணவு ஊற்றி, வரிசை வரிசையாகப் பெருக்கியிருக்கிறோம்.

இப்போதும் ஆயுத பூஜை உண்டு. பாட்டிலுக்குப் பொட்டு கிடையாது.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கீழப்பாவூரில் இருந்து திரும்பும்போது அப்பாவின் போன் வந்தது.

"ஏலே, பட்டாளத்துக்காரன் தோட்டத்துல உங்க வாழைக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டாம்லா?"

"யாருப்பா சொன்னா?"

"கத்தரிக்கா மூட்டையோட சேர்ந்து வந்துச்சு சேதி. உனக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லுத. சரி, சாப்பிட்டியா?"

குற்றாலத்தில் மழை. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை, ரோட்டில் ஆள் இல்லை. நிழல்வலை வாசலில் ராயகிரி மினி லாரி பாதி ஏற்றிய நிலையில் நின்றது. கன்று வாங்க வந்த ராயகிரி விவசாயி செல்லத்துரை அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தானே ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருந்தார், ஒரே ஒரு வருடத்துக்கு. குழி வெட்டி, எரு போட்டு, வாய்க்கால் திருப்பி வைத்திருந்தார். அடுத்த ஓணத்துக்குத் தார் வெட்டுவதாகச் செங்கோட்டை வியாபாரியிடம் பேசியாகிவிட்டது. கேரளாவின் ஓணச் சந்தையைத் தவறவிட்டால் ஏத்தங்காய்க்கு விலை கிடையாது. அவருக்கு அந்த நிலத்தில் கிடைக்கப்போவது ஒரே ஒரு விளைச்சல்.

உள்ளே போய்க் கன்றுகளைப் பார்த்தேன். ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரே வீச்சில் விரிந்த இலைகள். வழக்கமாக அந்தக் காட்சியைப் பார்த்தால் மனசு நிறையும். அன்று அத்தனையும் ஒரே மாதிரி நின்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. எது எதுவென்று அவற்றுக்கே தெரியாது. நடந்து நடந்து, தடித்த இலை உள்ளதாக மூன்றைப் பொறுக்கினேன். நாலாவதை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அதற்கு மேல் கண்ணை நம்ப முடியவில்லை.

"வாங்க தம்பி, கையெழுத்தைப் போடுங்க," என்றார் செல்லத்துரை அண்ணாச்சி. "மழை பிடிச்சிக்கிட்டு. நாளைக்குள்ள குழியில வச்சிரணும்."

"அண்ணாச்சி, லோடை இறக்கணும்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கீழப்பாவூரில் பார்த்ததை, பதினாறு சுற்றை, பொறுக்கிய கன்றுகளையும் காட்டினேன். அவர் அவற்றை வாங்கி வேலிக்கு வெளியே வீசினார்.

"தூக்கிப் போட்டாச்சு. மிச்சத்தைக் குடு."

"மிச்சத்துல எது மாறுனதுன்னு இப்பக் கண்ணுக்குத் தெரியாது. நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

"டெஸ்டு கிஸ்டு எதுவும் கிடையாதா?"

"இருக்கு. வெளியூருக்கு இலை அனுப்பணும். வர நாளாகும்."

"அதுக்குள்ள எனக்கு ஓணம் போயிரும். சரி, எத்தனை கெடும்? பத்துக்கு ஒண்ணா? போகட்டும், நான் கேக்க மாட்டேன். ரெண்டா? அதுவும் போகட்டும்."

"தெரியாது அண்ணாச்சி."

"மூணா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லதுக்கா உங்கப்பன் மார்க்கெட்டுல மூட்டை தூக்கி உன்னைப் படிக்க வச்சான்?"

அவர் காய்கறி கொண்டுபோகும்போது அப்பாவைப் பார்த்திருக்கிறார். கன்றுகளை எடுத்துக் கொடுத்த எங்கள் ஆட்கள் கையில் தட்டோடு அப்படியே நின்றார்கள்.

மேனேஜர் சார் மறுபடி கூப்பிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அஞ்சு பெர்சன்ட் எல்லா லேப்லயும் வரும்பா. விவசாயியே கேக்கறார்ல? நீ அனுப்பு. நான் பொறுப்பு."

"அதை மெசேஜ்ல போட்டுருங்க சார்."

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மெசேஜ் வரவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தை உங்களுக்கு அப்படியே கொடுக்க ஆசை. அனுப்பாவிட்டால் வரப்போகும் நஷ்டம் என் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நனைந்து நிற்கிறது. அனுப்பினால் வரப்போகும் நஷ்டத்துக்கு இன்னும் முகம் இல்லை. மனசு முகம் உள்ளதைப் பார்த்துத்தான் இளகும். கெடுவது கொஞ்சமாக இருந்தால் நான் இந்த மனிதனை வீணாக அழிக்கிறேன். அதிகமாக இருந்தால், தை மாசியில் அவருக்குத் தெரியவரும்போது திருத்த நேரம் இருக்காது. அதோடு அந்த வாழைகளின் பக்கக் கன்றுகளை அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். அவர் கொடுப்பார். நம் தப்பு தானே நடந்து ராயகிரி முழுக்கப் போகும். அப்போது யார் கொட்டுவது, எதை வேகவைப்பது?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எத்தனை என்று சொல்ல முடியாத ஒன்றின் மேல் நான் கையெழுத்துப் போட முடியாது. போடவில்லை.

"நீ விளங்க மாட்டலே," என்றார் செல்லத்துரை அண்ணாச்சி. தானே ஏற்றியதைத் தானே இறக்கினார். உதவிக்குப் போன என் கையைத் தட்டிவிட்டார். காலி லாரி கிளம்பிப் போனது.

மறுநாளே இசக்கியும் நானும் களக்காட்டுப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்து ஏத்தன் பக்கக் கன்று தேடினோம். அந்த நேரத்தில் எல்லாரும் நட்டு முடித்திருந்தார்கள். ஓர் ஏக்கருக்குத்தான் கிடைத்தது. மற்ற ஏக்கரில் அவர் உளுந்து விதைத்தார்.

மேனேஜர் சார் கல்யாணத்தில் இருந்து நேராக நிழல்வலைக்கு வந்தார். வரிசைகளை வெகுநேரம் பார்த்தார். "நானா இருந்தா அனுப்பியிருப்பேன்," என்றார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து பைகளைக் கிழித்தார். ராயகிரி லோடோடு, அந்தத் தாயில் வந்தது எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் கன்று. அவற்றில் கண்ணை மூடிக்கொண்டு நூறு எடுத்து, கூடாரத்துக்குப் பின்னால் வெறும் இடத்தில் நட்டேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் பின்பக்கம் போவேன். கார்த்திகை, மார்கழி, எல்லாம் ஒன்றுபோலவே வளர்ந்தன. அழகாக வளர்ந்தன. ஒவ்வொரு நாளும் அவை நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு வேர்த்தது. கெட்டுப் போ, கெட்டுப் போ என்று ஒரு வாழையைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன். பயிர் வளர்க்கச் சம்பளம் வாங்குகிறவன். என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

தை கடைசியில் முதல் இலை நெளிந்தது. பிறகு நிற்கவில்லை. பங்குனி முடிவதற்குள் நூறில் முப்பத்தெட்டு மாறிவிட்டன. சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் பொய். நிம்மதி என்றும் சொல்ல முடியாது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன், அவ்வளவு சொல்லலாம்.

ஓணம் முடிந்த பிறகு ஒருநாள் செல்லத்துரை அண்ணாச்சி தானாகவே வந்தார். அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனேன். தார் தள்ளும் காலம் கடந்திருந்தது. மாறிய வாழைகளில் சிலவற்றில் தார் கழுத்து வழியாக வெளியே வர வழியில்லாமல், தண்டைப் பக்கவாட்டில் பிளந்துகொண்டு துருத்தி நின்றது. காய்கள் விரல் பருமன்கூட இல்லை. சிலவற்றில் தாரே இல்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பிளந்த தண்டு ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"இதுவா என் நிலத்துல நின்னிருக்கும்?"

"ஆமா அண்ணாச்சி. நூத்துக்கு முப்பத்தெட்டு."

நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன். மறைக்கவில்லை.

அவர் நல்ல தார் தொங்கிய பக்கம் திரும்பினார். கனமான தார்கள். ஒன்றைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"அப்ப மிச்சம் அறுபத்திரெண்டு நல்லா வந்திருக்கே தம்பி," என்றார் மெதுவாக. கோபம் இல்லை. "ரெண்டு ஏக்கர்ல நூத்துக்கு அறுபத்திரெண்டு. நான் ஒரு ஏக்கர்ல வெட்டுனதைவிட இது கூடத்தான?"

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடத்தான். பக்கக் கன்று ஊரெல்லாம் பரவியிருக்கும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அது அவருடைய நஷ்டம் இல்லை, ஊருடையது. அடுத்தவர் தோட்டத்தைக் காப்பாற்ற அவரிடம் கேட்காமல் அவருடைய ஓணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேனா என்று இன்றும் யோசிக்கிறேன். செய்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உங்களில் யாருக்காவது இதற்குத் தெளிவான பதில் தோன்றினால், அதை வைத்துக்கொண்டு லோடு நிற்கும் ஒரு மதியம் வரை காத்திருங்கள்.

முதலாளியிடம் அவருக்காகப் பேசினேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு சரி. விற்காத கன்றுக்கு எந்தக் கணக்கில் நஷ்ட ஈடு எழுதுவது என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். கிழித்துப் போட்ட கன்றுகள், சுடலைமுத்து அண்ணாச்சிக்குக் கொடுத்த ஈடு, புதுத் தாய் எடுத்துச் சுத்தமாக முதலில் இருந்து தொடங்கியது, எல்லாம் சேர்த்து லேபுக்கு ஆனது மூன்று லட்சத்து மூவாயிரம் ரூபாய். செல்லத்துரை அண்ணாச்சியின் ஓர் ஏக்கர் ஓணம், உளுந்தில் வந்ததைக் கழித்தது போக, ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் ரூபாய் நஷ்டம். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.